பனியன் எல்லாம் ஒண்ணு இல்லை!

எங்க அம்மாவுக்கு டி-ஷர்ட்டும் பனியன்தான், ஸ்வெட்டரும் பனியன்தான். இழுத்தால் நீளுகிற துணி எதுவானாலும் "பனியன் துணி" என்று சொல்லி முடித்துவிடுவார். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த அலட்சியம் எங்க மாமாவின் ஒரு வருஷ கிறிஸ்துமஸ் வியாபாரத்தையே விழுங்கிவிட்டது நண்பர்களே!

வளைகுடாவிலிருந்து திரும்பிய மாமா காரைக்காலில் சின்னதாக ஒரு ரெடிமேட் கடை வைத்திருக்கிறார். அத்தையின் சங்கிலியை அடகு வைத்து, வெளிநாட்டிலிருந்து சில பெட்டி உடுப்பு சென்னைத் துறைமுகம் வழியாக வரவழைத்தார். முழுக்கை, வட்டக் கழுத்து, உள்ளே பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். "மார்கழிப் பனிக்கு நல்லா போகும் மாப்ளே" என்றார். சுங்க ஏஜென்ட் சரக்கு விவரம் கேட்டபோது, "நீதான் பாலிடெக்னிக் படிக்கிறியே, நீயே எழுதிக் கொடு" என்று என்னிடம் நீட்டினார். நான் பெருமையாக "டி-ஷர்ட், 6109" என்று எழுதினேன். அவர்களும் அப்படியே தாக்கல் செய்துவிட்டார்கள்.

பெட்டியைப் பிரித்த அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "அடியில ரிப் பட்டி இருக்கே, இது எப்படி டி-ஷர்ட் ஆகும்?"

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 1988 முதல் உலக நாடுகள் பொதுவான ஒரு சரக்குப் பட்டியலை வைத்திருக்கின்றன. நம் நாட்டுச் சுங்கக் கட்டணச் சட்டம் 1975-ல் வந்தது. 1986-ல் அதை இந்தப் பட்டியலின் முறைக்கு மாற்றினார்கள். அதில் 61-ஆம் அத்தியாயம் பின்னலாடை, 62-ஆம் அத்தியாயம் பின்னாத ஆடை. பாவும் ஊடையும் குறுக்கே போனால் நெசவு. நூல் வளையத்துக்குள் வளையமாகக் கோத்துப் போனால் பின்னல். திருப்பூர்க்காரர்களுக்கு இது பால பாடம்!

61-க்குள்ளேயும் ஏகப்பட்ட வாசல்கள். 6109 டி-ஷர்ட், பனியன். 6110 ஸ்வெட்டர், புல்ஓவர் வகை. அடிப்பக்கம் இறுக்கிப் பிடிக்கிற பட்டியோ கயிறோ இருந்தால் அது 6109-ல் சேராது. 86 சென்டிமீட்டர் உயரம் வரையுள்ள குழந்தைக்கான உடுப்பு 6111-க்குப் போய்விடும். முன்பக்கம் வலப்பக்கத்தின் மேல் இடப்பக்கம் மூடினால் ஆண் உடை. இடப்பக்கத்தின் மேல் வலப்பக்கம் என்றால் பெண் உடை. யாருக்கென்றே தெரியாவிட்டால் பெண்கள் கணக்கில்! பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்திருந்தால் எடையில் எது அதிகமோ அதன் பெயர்தான் நிற்கும்.

நம்பர் மாறினால் என்ன என்கிறீர்களா? சில வகைகளுக்கு விலையில் இத்தனை சதவீதம் அல்லது உருப்படிக்கு இத்தனை ரூபாய், இதில் எது அதிகமோ அதுதான் வரி. மாமாவின் சரக்கு மலிவு விலை. அதனால் உருப்படிக் கணக்குதான் விழுந்தது. நம்பர் மாறியதும் அந்த ரூபாயும் ஏறியது. 2011 முதல் வரியை நாமே மதிப்பிட்டு எழுத வேண்டும். எழுதியது தப்பென்றால் பொறுப்பும் நம் தலையில்தான். வித்தியாச வரி, அபராதம், கிடங்கு வாடகை எல்லாம் கட்டி, சரக்கு காரைக்கால் வந்து சேர்ந்தபோது பொங்கல் முடிந்து வெயில் ஆரம்பித்துவிட்டது.

நம்ம ஊருக்குச் சுங்கம் புதுசா என்ன? பிரெஞ்சு இந்தியாவுக்கும் வெள்ளைக்கார இந்தியாவுக்கும் 1941-ல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தம் 1949-ல் முறிந்தது. 1954 நவம்பர் 1-ல் காரைக்கால் இந்தியாவோடு சேரும்வரை எல்லையில் சோதனைதான். கட்டிய வேட்டிக்கு மேல் இன்னொரு புது வேட்டியைச் சுற்றிக்கொண்டு பூவம் தாண்டியதைத் தாத்தா சிரித்துச் சிரித்துச் சொல்வார். அவருக்குக் கூட எந்தத் துணிக்கு என்ன வரி என்று தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை!

மாமா என்னைத் திட்டவில்லை. "படிச்ச புள்ளைன்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேக்காம விட்டேன் பாரு, அது என் தப்பு" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அடுத்த மார்கழியில் அசல் விலைக்கே அத்தனையையும் தள்ளிவிட்டோம். சங்கிலியை மீட்ட அன்றைக்கு அத்தை கழுத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

தெரியாததைத் "தெரியாது" என்று சொல்வது அவமானம் இல்லை; தெரிந்த மாதிரி எழுதிக் கொடுப்பதுதான். இப்போதெல்லாம் எந்த உடுப்பைக் கையில் எடுத்தாலும் முதலில் அடி விளிம்பைத் திருப்பிப் பார்க்கிறேன். அம்மா மட்டும் இன்னும், "பனியனுக்குப் போய் என்னடா இத்தனை ஆராய்ச்சி?" என்கிறார்.