கோயில் வேன் ரெண்டு வாரமா எங்கே போச்சு?



"வேனை வித்துட்டீங்களா?" என்று வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்த பலரும் கேட்டார்கள். விற்கவில்லை. என் வீட்டு போர்ச்சில் நாலு ஸ்டாண்டு மேல நின்னுகிட்டு இருந்தது. எக்ஸோஸ் முழுசா மாத்தினோம். இதே மாதிரி பழைய வேன் உங்க வீட்லயும் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

வேன் சத்தம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தாமான் முனையில திரும்பும்போதே மடப்பள்ளியில உலை வச்சிடுவாங்க. அதை யாரும் குறையா நினைக்கல. என்னை உறுத்தினது வேற. கடைசி சீட்டுல உட்காரும் பாட்டிமார் ரெண்டு பேர் இறங்கும்போதெல்லாம் "தலை வலிக்குதுப்பா, வயித்தைப் பிரட்டுது" என்பார்கள். வயசு, வெயில், வெறும் வயிறு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. ஒரு நாள் தேவார வகுப்புப் பையன் ஒருத்தன் அதே சீட்டுல வந்து அதையே சொன்னான். அவனுக்குப் பத்து வயசு. அன்னிக்கே சாவியை எடுத்து என் பையில போட்டுக்கிட்டேன்.

பெட்ரோல் எரியும்போது வர்ற புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் பிடிச்சுக்கிற இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இது பிடிச்சுக்கும். முதல்ல தலைவலி, மயக்கம், குமட்டல். பார்க்கிறவங்க வண்டி ஒத்துக்கலன்னு நினைப்பாங்க. ஏசி போட்டு கண்ணாடியை மூடிட்டு ஒரு மணி நேரம் ஓடினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

கமிட்டியில சத்தம் போட்டுதான் பேச வேண்டி இருந்தது. தைப்பூசத்துக்கு மூணு வாரம்கூட இல்ல, பத்துமலைக்கு யார் ஆள் ஏத்துறது, முடிஞ்சதும் பார்க்கலாமே என்றார்கள். கடையில கேட்ட விலை 1,100 வெள்ளி. வாடகை வேனுக்கு அதைவிடக் கூட ஆகும், ஆனா அந்தக் கடைசி சீட்டுல யாரையும் உட்கார வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். கடைசியில, உதிரிக்கு மட்டும் காசு தாங்க, வேலையை வீட்ல பார்த்துக்கிறோம்னு முடிவாச்சு.

நாங்கன்னா நான், என் தம்பி மகன், பக்கத்து லோரோங் அங்கிள். அங்கிள் தோட்டத்து லோரிங்களை முப்பது வருஷம் பார்த்தவர். இப்ப முட்டி வலி, கீழே படுக்க முடியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்ல, நாங்க படுத்து செஞ்சோம்.

முதல் நாள் ராத்திரியே எல்லா நட்டுக்கும் துரு இளக்குற எண்ணெய் அடிச்சு விட்டாச்சு. காலையில எக்ஸோஸ் நல்லா ஆறின பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழட்டினோம். டயருக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில தூக்கி, சேசிஸ் மேல ஸ்டாண்டு. "தம்பி, ஜாக்கி தூக்கறதுக்கு. நிக்க வைக்கறதுக்கு இல்ல" என்று அங்கிள் மூணு தடவை சொன்னார். செங்கல்லும் சிமெண்டு கல்லும் கூடவே கூடாது, அது சொல்லாம உடையும். கீழே தொங்கற ஸ்பேர் டயரை முதல்ல இறக்கி, அதையே வேனுக்கு அடியில தள்ளி வச்சோம். ஸ்டாண்டு சறுக்கினாலும் வேன் அது மேலதான் உட்காரும். வேனை ரெண்டு கையால ஆட்டிப் பார்த்த பிறகுதான் அடியில போனோம்.

பைப்பைத் தொடறதுக்கு முன்னாடியே கழட்ட வேண்டியது நிறைய. பிளாஸ்டிக் தட்டு, குறுக்கே ஓடற இரும்புப் பட்டை, சூடு தடுக்கிற தகடு. தகட்டுல இருந்த 10 சைஸ் போல்ட் ஆறுல ரெண்டு தலை முறிஞ்சிடுச்சு. ரப்பர் கொக்கிக்கு சோப்புத் தண்ணி போதும், வழுக்கிட்டு வந்துடும். ஆனா அதுக்கு முன்னாடி பைப்பைக் கம்பியால கட்டித் தாங்கிக்கணும், இல்லன்னா மொத்தமும் முகத்துல விழும். பின் அச்சுக்கு மேல வளைஞ்சு போற துண்டு வரவே இல்ல. தம்பி மகன் கிரைண்டரை எடுத்தான். அங்கிள் அப்பதான் முதல் தடவையா நாற்காலியை விட்டு எழுந்தார். பெட்ரோல் டாங்கி பக்கத்துல தீப்பொறியா? கை ரம்பத்தால அறுத்தோம், நாற்பது நிமிஷம்.

சைலன்சரை வெளியே எடுத்தா மேல் பக்கம் ஒரு கை நுழையிற ஓட்டை. கீழே இருந்து பார்த்தா தெரியவே தெரியாது. அங்கிள் சொன்ன காரணம் இது: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வரும். நீண்ட தூரம் ஓடினா சூட்டுல வெளியே போயிடும். நம்ம வேன் விடியற்காலை பாசாருக்குப் போய்ப் பூவும் காய்கறியும் ஏத்திட்டு பத்து நிமிஷத்துல திரும்பிடுது. தண்ணி உள்ளேயே தங்கி உள்ளேயிருந்து அரிக்குது.

நடுவுல ஒருத்தர் வந்து, கன்வர்ட்டரையும் கழட்டி வித்தா உதிரிக் காசு வந்துடுமேன்னார். நல்ல எண்ணத்துலதான் சொன்னார். உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கறதால அதுக்கு விலை உண்டு. ஆனா அந்த நச்சுக் காத்தைக் குறைக்கிறதே அதுதான். அதைக் கழட்டறதா இருந்தா இவ்வளவு பாடுபட வேண்டிய அவசியமே இல்ல.

புது பைப்பை எல்லாத்தையும் தளர்வா மாட்டி, எங்கேயும் இடிக்காம நேர் பார்த்து, பிறகு முன்னாலிருந்து பின்னால் இறுக்கினோம். கெஸ்கெட் எல்லாம் புதுசு. தகட்டைத் திரும்ப மாட்டினோம். நிறைய பேர் கடகடன்னு சத்தம் வருதுன்னு அதைத் தூக்கிப் போடறாங்க. திருவிழாவுக்கு லாலாங் புல்லு மேல பார்க் பண்றவங்க அதைச் செய்யவே கூடாது. காய்ஞ்ச புல் பத்திக்கும். பின் கதவு ரப்பரும் கல்லாப் போயிருந்தது. புகை உள்ளே வந்த வழி அதுதான், மாத்தியாச்சு. ஸ்டார்ட் பண்ணி ஒவ்வொரு மூட்டுலயும் சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தோம், குமிழி இல்ல.

மூணு சனி ஞாயிறு வேலை, உதிரிச் செலவு 460 வெள்ளி. ரசீது நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு. பழைய பைப்பை பெசி புருக் காரர்கிட்ட போட்டதுல 9 வெள்ளி வந்தது, அதையும் கணக்குல எழுதியாச்சு. வர்ற வெள்ளி மாலை 6.15க்கு வேன் வழக்கமான இடத்துல நிற்கும். பாட்டிமாருக்கு ஒண்ணு: இப்ப சத்தம் கேட்காது, கொஞ்சம் முன்னாடியே வாசல்ல நில்லுங்க.