பெயர் தெரியாத கலைஞர்

வீட்டில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போவது சிறிய நஷ்டம். அது இருக்கிறது என்பதே மறந்துபோவதுதான் பெரிய நஷ்டம். பாத்திர அலமாரிக்கும் புடவைப் பெட்டிக்கும் பொருந்தும் இந்த உண்மை, சங்கீதத்துக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்ட தமிழ்க் குடும்பங்களில், அநேகமாக ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய இசைப் பொக்கிஷம் உண்டு. டிசம்பர் மாதக் கச்சேரிகளுக்காகச் சென்னைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், ஊறுகாய் ஜாடிக்கும் அப்பளக் கட்டுக்கும் நடுவே துணியில் சுற்றிப் பத்திரமாக எடுத்துவந்த குறுந்தகடுகள்தாம் அந்தப் பொக்கிஷம். இன்று அவற்றுள் பல, தொலைக்காட்சிப் பெட்டியின் அடியில் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றை ஒலிக்கச் செய்த கருவி பழுதாகிவிட்டது. பழுது பார்த்தவரும் கடையைக் கட்டிவிட்டார்.

எங்கள் வீட்டில் அவ்விதம் 312 தகடுகள் இருந்தன. சென்ற கோடை விடுமுறையில் பேரன் எங்களுடன் தங்க வந்தபோது, இவற்றை எல்லாம் ஒழுங்குபடுத்தியே தீருவது என்று சங்கற்பம் செய்துகொண்டேன். மேசைக் கணிப்பொறி இருந்தது. இக்காலத்துக் கணிப்பொறிகளில் தகடு போடும் வாய் இருப்பதில்லை ஆதலால், நேரு பிளேஸ் கடைத்தெருவில் ஈராயிரம் ரூபாய்க்கு உட்பட்ட விலையில் தனியாக ஒரு தட்டுப் பெட்டி வாங்கி இணைத்தோம். தகட்டை ஒலிக்கச் செய்து, அதிலுள்ள பாட்டுகளைப் படியெடுத்து, அட்டவணையும் போட்டுத்தரும் மென்பொருள் ஒன்றைப் பேரன் இலவசமாகவே இறக்கிக் கொடுத்தான்.

"இந்தச் சிரமம் எதற்கு? கைபேசியைத் தொட்டால் எல்லாப் பாட்டும் வருகிறதே!" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. வருகிறது; மறுக்கவில்லை. ஆனால் வருகிற பாட்டுக்கு ராகம் இன்னது, வயலின் வாசித்தவர் இன்னார் என்று பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. இன்று வருவது நாளையும் வரும் என்ற நிச்சயமும் இல்லை. நம் வீட்டில் மட்டுமே உள்ள சில தகடுகளோ அங்கே வரவே வராது. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் தகட்டைப் போட்டதும் திரையில் பாட்டுகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றின. தகட்டிலேயே அவை எழுதப்பட்டிருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். உண்மை வேறு. பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 1980-ஆம் ஆண்டில் இதற்கு இலக்கணம் வகுத்தன. 1982-இல் தகடுகள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. ஒரு வினாடி ஓசையை 44,100 கூறுகளாக அளந்து, ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்றி, 12 செ.மீ. அகலமுள்ள தட்டில், உள்ளிருந்து வெளியே செல்லும் சுருள் பாதையில் பொறித்தார்கள். அந்தப் பாதையை நீட்டிப் பிடித்தால் 5 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். இத்தனை நுட்பமாகச் செய்தவர்கள், பாட்டின் பெயரை எழுத வேண்டும் என்று அப்போது விதி செய்யவில்லை. 1996-இல் அதற்கும் ஒரு வழி சேர்க்கப்பட்டது என்றாலும், எங்கள் தகடுகளில் அதைக் கையாண்டவை மிகச் சிலவே.

பின்னே, கணிப்பொறிக்குப் பெயர் எப்படித் தெரிந்தது? ஒரு தகட்டில் எத்தனை பாட்டுகள், ஒவ்வொன்றும் எந்த நிமிஷம் எந்த வினாடியில் தொடங்குகிறது என்ற கணக்கு, அநேகமாக வேறொரு தகட்டுடன் ஒத்துப்போவதில்லை. அதுவே அதன் கைரேகை. அமெரிக்காவில் டி கான் என்பவர் 1990-களில் தாம் எழுதிய ஒரு மென்பொருளுக்காக இந்தக் கைரேகைகளின் கோவை ஒன்றைத் தொடங்கினார். தகடு வைத்திருந்தவர்கள், உலகின் பல மூலைகளிலிருந்து, தாமாகவே பெயர்களைத் தட்டெழுதி அனுப்பினார்கள். அந்தக் கோவை 1998-இல் விற்கப்பட்டு, பிறகு கிரேஸ்நோட் என்ற பெயரில் வணிகமாயிற்று. பொதுமக்களுக்கென்றே தொடங்கிய ஃப்ரீடிபி என்ற மற்றொரு கோவை பல்லாண்டுகள் உழைத்து, 2020-இல் மூடப்பட்டது. மியூசிக்பிரெயின்ஸ் என்ற கோவை இன்றும் தன்னார்வலர்களால் நடைபெற்று வருகிறது.

ஆகவே, நம் வீட்டுத் தகட்டுக்குப் பெயர் சொல்வது இயந்திரம் அன்று. எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒரு மனிதர். அவருக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அவருக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் கிடைக்கும் என்பதை மறக்கலாகாது.

உதாரணம் ஒன்று. தியாகராஜ சுவாமிகளின் ஸ்ரீராகப் பஞ்சரத்தினமான 'எந்தரோ மகானுபாவுலு' எங்களிடம் ஆறு தகடுகளில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அதை ஒருவர் 'இ'யில் தொடங்கியிருந்தார். மற்றொருவர் 'ஒய்' எழுத்தில் தொடங்கியிருந்தார். 'இ'யில் தொடங்கியவர்களுக்குள்ளும் 'த'கரத்தை எழுதுவதில் ஒற்றுமை இல்லை. அகர வரிசையில் அடுக்கியபோது ஒரே கிருதி மூன்று இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டது. பாரதியாரின் 'சின்னஞ்சிறு கிளியே' பாட்டோ, 'சி'க்கும் 'எஸ்'ஸுக்கும் இடையே பிரிந்து கிடந்தது.

கலைஞர்களின் பெயர்களில் நேர்ந்த விபரீதம் இன்னும் சுவையானது. எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் புள்ளி வைத்து ஒருவராகவும், புள்ளி இல்லாமல் ஒருவராகவும், இடம் விட்டு எழுதியதால் மற்றொருவராகவும் மூன்று பேராகிவிட்டார். அவருக்கு அருகிலேயே மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதனும், வயலின் மேதை எம். எஸ். கோபாலகிருஷ்ணனும் ஒரே வீட்டார்போல் வந்து அமர்ந்தார்கள். சுப்புலட்சுமி அவர்களின் 'எம்' மதுரை. 'எஸ்' அவருடைய அன்னையார் சண்முகவடிவு. ஊரையும் தாயையும் சுமந்து நிற்கும் அந்த இரண்டு எழுத்துகளின் பொருள் அட்டவணைக்கு எப்படித் தெரியும்?

மேல்நாட்டுக் கோவைகளில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு வரிசைப்படுத்தும் வழக்கம் உண்டு. அந்த வழக்கப்படி செம்மங்குடி சீனிவாச ஐயரும், மதுரை மணி ஐயரும், மகாராஜபுரம் விசுவநாத ஐயரும் 'ஐயர்' என்ற ஒரே குடும்பத்தின் உறுப்பினர்கள் ஆனார்கள். செம்மங்குடியும் மதுரையும் மகாராஜபுரமும் பின்னால் தள்ளப்பட்டன.

இதைப் பார்த்து நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. "நம் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது நடந்ததும் இதுதானே?" என்றாள். வடக்கே வந்து குடியேறிய நம்மில் யாருக்குத்தான் இது தெரியாது? விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். காலியாக விட்டால் குமாஸ்தா ஏற்கமாட்டார். தகப்பன் பெயரைப் போட்டால் அதுவே பரம்பரைப் பெயராகி, பிள்ளையைத் தகப்பன் பெயரால் அழைப்பார்கள். ஊர்ப் பெயரும் முதலெழுத்தும் அங்கே செல்லுபடியாகா. நாம் கட்டத்துக்கு ஏற்றபடி நம்மைச் சுருக்கிக்கொண்டோம். அலுவலக விண்ணப்பத்தில் அது தவிர்க்க முடியாதது. வீட்டு அட்டவணையிலும் அவ்விதம் செய்ய வேண்டுமா என்பதே கேள்வி.

வேண்டியதில்லை என்று தீர்மானித்தோம். நல்லவேளையாக, இந்த மென்பொருள்களில் நமக்கு வேண்டிய பத்திகளை நாமே சேர்த்துக்கொள்ள முடிகிறது. பாடல், ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர், வயலின், மிருதங்கம், கடம், தகடு வந்த விதம் என்று ஒன்பது பத்திகள் வகுத்தோம். எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுவது என்று முடிவாயிற்று.

தமிழில் எழுதுவதில் ஒரு நுட்பம் உண்டு. பாட்டுடன் பெயரையும் சேர்த்து வைப்பதற்கு 1996-இல் தோன்றிய பழைய முறை, தலைப்புக்கு 30 இடங்களை மட்டுமே ஒதுக்கியது. ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். இன்றைய பொதுக் குறியீட்டில் தமிழின் ஒவ்வோர் எழுத்துக் குறியும் மூன்று இடங்களைப் பிடிக்கும். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. அந்தப் பழைய கட்டத்துக்குள் எழுதினால் தியாகராஜரின் கிருதி 'எந்தரோ மகா' என்ற அளவில் நின்றுவிடும். பிறகு வந்த முறைகளில் இந்தக் குறை இல்லை. ஃபிளாக் என்ற முறையில் படியெடுத்தால் ஓசையில் ஒரு துளியும் குறையாமல், தகட்டின் அளவில் ஏறக்குறையப் பாதியிலேயே அடங்கும். தமிழும் தடையின்றி நிற்கும்.

பேரனுக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். முதல் நாள் நான்கு தகடுகளின் பெயர்களை எழுத அவனுக்கு மாலைப்பொழுது முழுவதும் வேண்டியிருந்தது. மூன்றாவது வாரத்தில் அவன் என்னைத் திருத்தினான். "தாத்தா, இதற்குத் தாளம் ஆதி என்று அட்டையில் இருக்கிறதே, நீங்கள் சொல்லவில்லையே!" என்றான். அட்டையில் பொடி எழுத்தில் இருந்ததை அவன் தானாகவே படித்திருந்தான். எந்தத் தமிழ் வாசகப் புத்தகமும் அவனிடம் செய்யாததை, 312 தகடுகளின் அட்டைகள் செய்துவிட்டன. கல்யாணி என்று தட்டினால் நாற்பத்தொரு பாட்டுகள் வந்து நிற்கின்றன. ஒரே ராகத்தைப் பத்துப் பேர் பாடக் கேட்ட பிறகு, பதினோராவது பாட்டில் அவன் பெயர் பார்க்காமலே "கல்யாணி" என்கிறான்.

நம் சங்கீதத்துக்கு ராகமும் தாளமும் முக்கியம் என்பதை அயல்நாட்டாரும் உணர்ந்திருக்கிறார்கள். ஸ்பெயின் தேசத்தில் பார்சிலோனா நகரத்துப் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக் கழகத்தில் 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் என்ற ஆராய்ச்சி, கர்நாடக இசையையும் எடுத்துக்கொண்டது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கு கொண்டது. மியூசிக்பிரெயின்ஸ் கோவையில் இன்று கர்நாடக ராகத்துக்கும் தாளத்துக்கும் தனி இடம் உண்டு. இடம் இருக்கிறது, நிரப்ப வேண்டியவர்கள் நாம்.

இனி, முன்னே சொன்ன அந்தச் சில தகடுகள். எங்களை வளர்த்த அத்தை நன்றாகப் பாடுவார். மேடை ஏறியவர் அல்லர். 1983-இல் ஊரில் ஒரு கல்யாணத்தின்போது அவர் பாடியதை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தோம். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதை ஒரு கடையில் கொடுத்துத் தகட்டுக்கு மாற்றினோம். அத்தை இப்போது இல்லை. அந்தத் தகட்டைப் போட்டதும் கணிப்பொறி கோவைகளில் எல்லாம் தேடிப் பார்த்தது. பிறகு, ஒன்பது பாட்டுகளுக்கும் நேரே 'பெயர் தெரியாத கலைஞர்' என்று ஆங்கிலத்தில் எழுதியது.

இயந்திரம் சரியாகத்தான் சொன்னது. உலகத்தில் வேறு எவரிடமும் அந்தத் தகடு இல்லை; எவரும் பெயர் எழுதி அனுப்பப் போவதும் இல்லை. மேலும், வீட்டில் பதியும் தகடு, கடையில் விற்கும் தகட்டைப் போன்றது அன்று. அதில் ஓசை ஒரு சாயப் பூச்சில் பதிகிறது. வெயிலும் வெப்பமும் பட்டால் சாயம் மங்கும். எட்டுப் பாட்டுகளைக் கணிப்பொறி படித்தது. ஒன்பதாவதை மணிக்கணக்காகத் திரும்பத் திரும்ப முயன்று, முடியாது என்று கைவிட்டுவிட்டது.

மீந்த எட்டுக்குப் பெயர் வேண்டுமே! கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியக்காவுக்கு வயது எண்பத்துநான்கு. தொலைபேசியில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். "ஏண்டா, அத்தை குரல்தானே இது? இது நலங்குப் பாட்டு. மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி பண்ணுவது" என்று தொடங்கி, ஊஞ்சல், ஆரத்தி, தாலாட்டு என்று ஏழு பாட்டுகளுக்குப் பெயரும், யாரிடம் கற்றது என்ற விவரமும் சொன்னார். எட்டாவதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இதை அத்தை பாடி நான் கேட்டதே இல்லையே" என்றார்.

பாடியவர் என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று பேரன் கேட்டான். அவனுக்கு அவர் வெறும் 'அத்தை' என்றுதான் தெரியும். ஊர்ப் பெயரும், தகப்பனார் பெயரின் முதலெழுத்தும், அவர் பெயருமாகச் சொன்னேன். அவன் அப்படியே எழுதினான். எட்டாவது பாட்டின் பெயர் மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது.

சங்கத்து அன்பர்களுக்கு விண்ணப்பம் இதுதான். கடையில் வாங்கிய தகடுகள் காத்திருக்கும். வீட்டில் பதிந்தவற்றை முதலில் எடுங்கள். தகட்டின் எழுத்துள்ள பக்கத்திலும் கீறல் விழாமல் பாருங்கள். ஓசையைத் தாங்கும் மெல்லிய பூச்சு அந்தப் பக்கத்துக்கு அடியில்தான் இருக்கிறது. படியை இரண்டு இடங்களில் வையுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்களை இந்த வாரமே கேளுங்கள். வீட்டுக்கு வீடு பாட்டுகளைக் கொடுத்து வாங்குவது உரிமை பற்றிய விவகாரம். அட்டவணைகளைக் கொடுத்து வாங்குவதில் தடை ஏதும் இல்லை. இருபது வீட்டு அட்டவணைகள் சேர்ந்தால், தலைநகரத் தமிழர்கள் எதைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பதற்கு அது ஒரு சரித்திரமாகும். அவற்றுள் ஏதேனும் ஒன்றில், எங்கள் அத்தையின் எட்டாவது பாட்டுக்குப் பெயரும் கிடைக்கலாம்.