ரிபாவும் வட்டியும்

'ரிபா' என்ற அரபிச் சொல்லைத் தமிழ்க் குர்ஆன்கள் 'வட்டி' என்று பெயர்த்திருப்பதன் விளைவுகள், வங்கிக் குமாஸ்தாவான என் கவுண்ட்டருக்கு அடிக்கடி வந்து நிற்கின்றன. ரிபா என்றால் பெருக்கம். நமது வட்டியும் விருத்தியின் திரிபுதான் என்கிறார்கள். வேரில் பொருத்தம் பூரணமாகவே இருக்கிறது. ஆனால் நம்மிடம் கந்துவட்டி என்று இன்னொரு சொல்லும் உண்டு. மொழிபெயர்ப்பாளன் அதைத் தொடாமல் விட்டபோதே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. (பி.ஏ. வகுப்பில், ஷேக்ஸ்பியரின் அந்தோனியோ வட்டி வாங்காததை அவன் நற்குணம் என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள். கிறிஸ்துவ சபையும் நூற்றாண்டுக்கணக்கில் இதே பிரச்சினையோடு மல்லுக்கட்டியதை நானாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.)

1963ல் எகிப்தின் மித் கம்ரில் அஹ்மத் அல் நஜ்ஜார் வட்டியில்லாச் சேமிப்பு வங்கி தொடங்கினார். 1975ல் ஜித்தாவில் இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி. எண்ணெய்ப் பணத்தோடு அது உலக இயக்கமாயிற்று. 1985ல் ஜித்தாவின் ஃபிக்ஹ் அகாதமி, வங்கி வட்டியும் ரிபாவே என்றது. 1989ல் எகிப்தின் முஃப்தி தந்தாவி, அரசு முதலீட்டுப் பத்திரங்களின் வருமானம் கூடும் என்றார். இரு தரப்புக்கும் அரபி நன்றாகவே தெரியும்.

இனி எங்கள் கிளை. ஊர், பெயர் சொல்வதற்கில்லை. ஜவுளிக்கடைப் பெரியவர் ஒருவர், கணக்கில் ஏறிய வட்டியை மட்டும் தனியாக எடுத்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். ஒருமுறை கழிப்பறை கட்டக் கொடுத்தார். தம்மாமிலிருந்து திரும்பிய மகன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வட்டி ஏறவே கூடாது என்றார். சேமிப்புக் கணக்கில் 2010 ஏப்ரலிலிருந்து தினசரி இருப்புக்கே வட்டி. நிறுத்த வழியில்லை, நடப்புக் கணக்குக்கு மாற்றலாம் என்றேன்.

"நான் எடுக்காம விட்டா அந்தப் பணம் யாருக்குப் போகும், தம்பி?"

"பாங்குக்குத்தான், பாய்."

"கேட்டுக்க" என்றார் மகனிடம்.

"ஹராம் ஹராம்தான், அத்தா."

"உன் விசாவுக்கு உங்கம்மா வளையலை ஜமாஅத் பைத்துல்மால்லதான் வச்சேன். ஒரு பைசா வட்டி கிடையாது. அப்ப நீ அரபு நாட்டையே பாத்ததில்ல."

அரேபியாவிலிருந்து வரும் காற்று நம் தர்காக்களையும் மஸ்தான் சாகிபையும் அடித்துக்கொண்டு போகிறது என்று நம் இலக்கிய நண்பர்கள் வருந்துவதுண்டு. வருத்தத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் உள்ளூர் இஸ்லாம் என்றால் அவர்களுக்குப் பாட்டும் சந்தனமும்தான். வளையலை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டு எழுதித் தரும் பைத்துல்மால் கண்ணில் படுவதில்லை. காற்று ஒரே திசையில் வீசியதாகவும் சொல்ல முடியாது. வட்டியை எதிர்த்து விரிவாக எழுதிய மௌதூதி பிறந்தது ஔரங்காபாத்தில், எழுதியது உருதுவில்.

2008ல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிமுறைக்குப் பரிந்துரைத்தது. 2017ல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது. ஆக, மகனுக்கு நான் காட்ட முடிந்தது குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் பிடிக்கும் நடப்புக் கணக்கு ஒன்றைத்தான். யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார். பெரியவர் தன் கணக்கை மாற்றவில்லை. வட்டி எவ்வளவு என்று துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொன்னார், பைசாவோடு.