ஏப்பத்துக்குப் போன பெருமை

மலையகத்து மரண வீடுகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ஒன்று உண்டு: வாய்வு. "வாய்வு நெஞ்சிலே ஏறி அடைச்சிருச்சு" என்பார்கள். பத்திரிகைப் பணிக்காக அட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று அலைந்த காலத்தில் இதை எத்தனை வாசல்களில் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சொல்பவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது எளிது; ஆனால் நியாயமன்று. விடியலில் வெறும் சாயத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் பிரட்டுக்கு ஓடி, எப்போதோ ஒரு நேரத்தில் ரொட்டியும் சம்பலும் உண்ணும் மக்களுக்கு வயிற்றெரிவும் வாய்வும் மெய்யாகவே உண்டு. ஓமத்தண்ணீரிலும் இஞ்சியிலும் பெரும்பாலும் அது தணிந்தும் விடுகிறது. அந்தப் பழக்கமே வேறொன்று வரும்போது கண்ணை மறைக்கிறது.

லயத்துக்கு மட்டும் உரிய குழப்பமுமல்ல இது. 1955 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் டென்வரில் கோல்ஃப் ஆடினார்; இடையில் வெங்காயம் வைத்த ஹாம்பர்கர் உண்டார். வயிறு சரியில்லை, வெங்காயத்தின் வேலை என்று எண்ணிக்கொண்டார். அன்று பின்னிரவில் நெஞ்சுவலி எழுப்பிற்று. மறுநாள் காலை செய்தியாளர்களுக்குச் சொல்லப்பட்டது செரிமானக் கோளாறு என்பதே. பிற்பகலில் ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான் அது மாரடைப்பு என்று உலகம் அறிந்தது. சொந்த மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருந்தவர் கதையே இப்படி.

காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. இதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே இரைப்பை. இவற்றிலிருந்து வலியைச் சுமந்துவரும் நரம்புகள் முதுகுத்தண்டில் அக்கம்பக்கமாகவே சேர்கின்றன. எந்த வீட்டிலிருந்து கூக்குரல் வந்தது என்று மூளைக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. இதயத்தின் அடிப்புறத்தில் அடைப்பு நேர்ந்தால் மேல்வயிற்றில் வலி, குமட்டல், வாந்தி, ஏன், ஏப்பமும் வரலாம்.

என் ஒன்றுவிட்ட அக்கா நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். ஐம்பத்தேழு வயதில், மேல்மலைக்கு ஏறும்போதெல்லாம் நெஞ்சுக்குழியில் கல்லை வைத்தாற்போல் இருக்கிறது என்றார். "மேடு ஏறயிலதான் தம்பி புடிக்கிது. கொஞ்சம் நின்னு ஏப்பம் விட்டா சரியாப் போயிருது." கங்காணியிடம் சொல்லவில்லை. இடையில் இறங்கிவிட்டால் அரைப்பேர்தான் விழும் என்ற அச்சம். மூன்று வாரம் ஓமத்தண்ணீரிலேயே ஓடிற்று.

மகன் வற்புறுத்தி அழைத்துப்போனபோது ஈ.சி.ஜி. ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. ஓய்வாகப் படுத்திருக்கையில் எடுத்தால் அப்படி இருப்பதுண்டு. அங்கிருந்த இளம் சிங்கள டாக்டர் தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "சாப்பிட்டா வருமா, மலை ஏறினா வருமா?" அக்கா பதில் சொன்ன உடனே கண்டிக்கு அனுப்பக் கடிதம் எழுதிவிட்டார். ஆஞ்சியோகிராமில் இரண்டு குழாய்களில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். அக்காவைக் குணப்படுத்தி வந்தது ஏப்பமல்ல, நின்ற அந்த நிமிடங்கள்! நின்றதும் இதயத்தின் வேலை குறைந்தது, வலி தணிந்தது. பெருமை மட்டும் ஏப்பத்துக்குப் போயிற்று.

வாய்வு மேடு பள்ளம் பார்ப்பதில்லை. உண்டபின் எரியும், குனிந்தாலும் படுத்தாலும் கூடும், இடம் மாறும், காற்றுப் பிரிந்தால் விட்டுப்போகும். இதயவலி பெரும்பாலும் ஓர் அழுத்தம். விரலால் தொட்டுக் காட்ட முடியாது, கையை விரித்து நெஞ்சில் வைத்துத்தான் காட்டுவார்கள். தோள், கை, தாடை, முதுகு என்று பரவும். பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் களைப்பும் மட்டும் வருவதும் உண்டு. நுவரெலியாக் குளிரில், பனிமூட்டத்துக்கு நடுவே ஒருவருக்குச் சட்டை நனைய வியர்த்தால் அதை வாய்வு என்று நான் ஒருநாளும் நம்பமாட்டேன். இத்தனையும் அறிந்தாலும் வீட்டிலிருந்தபடி தீர்ப்புச் சொல்ல இயலாது. ஈனோ குடித்து வலி குறைந்தது என்பது சான்றாகாது. மருத்துவமனையிலேயே ஈ.சி.ஜி.யைத் திரும்பத் திரும்ப எடுத்து, இரத்தத்தில் டிரோபோனின் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

"இந்த வயசிலயா மாரடைப்பு?" என்பது இன்னொரு சமாதானம். மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரன் 2010 ஜனவரி 1 அன்று மாரடைப்பால் மறைந்தபோது வயது 52. ஆறுமுகன் தொண்டமான் 2020 மே 26 அன்று சென்றபோது 55.

2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டி இன்று நாடு முழுவதும் இலவசமாக வருகிறது. முதலில் அந்த எண்ணை அழைத்துவிட்டு, ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்பதை அவர்களிடமே கேட்பது நல்லது. குடற்புண்ணில் இரத்தக் கசிவு இருப்பவருக்கு அதுவே கேடாகும். வண்டி பெரும்பாலும் தார்ச்சாலையோடு நின்றுவிடும். லயத்திலிருந்து அங்குவரை படிகளும் ஒற்றையடிப் பாதையும்தான். நோயாளியை நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிச் செல்லுங்கள்.