தமக்கையும் தங்கையும்

வீனஸ், செரீனா எனும் வில்லியம்ஸ் சகோதரியரைப் பற்றிப் பேச்செழுந்தால், பலரும் தங்கை செரீனாவின் 23 கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களையே எண்ணிக் காட்டுவர். என் நெஞ்சம் சாய்வதோ தமக்கையின் பக்கம்.

கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரில், பொது ஆடுகளங்களில் தந்தையிடம் பயின்ற கறுப்பினச் சிறுமியர் இவர்கள். 2002 பிரெஞ்சுப் போட்டி முதல் 2003 ஆஸ்திரேலியப் போட்டி வரை நான்கு இறுதியாட்டங்களிலும் வீனஸ் தங்கையிடமே தோற்றார். அதே 2002இல் விம்பிள்டன் இரட்டையர் கோப்பையை இருவரும் சேர்ந்தே வென்றனர். வரப்புத் தகராறுக்கே உடன்பிறந்தார் நீதிமன்றம் ஏறும் நம் ஊர்கள் நினைவில் வந்துபோயின!

விம்பிள்டனில் அப்போது மகளிர்க்குப் பரிசுத்தொகை குறைவாக இருந்தது. 2006இல் வேறுபாடு 30,000 பவுன்தான். எனினும் அதில் பொதிந்திருந்த இளக்காரம் சிறிதன்று. 2005 இறுதியாட்டத்தின் முந்தைய நாள், வீனஸ் நிர்வாகிகளின் கூட்டத்திற்கே சென்றார். கண்களை மூடிக்கொள்ளுமாறு வேண்டினார். ஆண்டுக்கணக்கில் உழைத்து உச்சியை எட்டும் ஒரு சிறுமியிடம், ‘நீ ஆணுக்கு நிகரல்லை’ என்று சொன்னால் அவள் உள்ளம் என்ன பாடுபடும் என எண்ணிப் பார்க்கச் சொன்னார். மறுநாள் களமிறங்கிக் கோப்பையையும் வென்றார். கூட்டத்தார் உடனே மனமிரங்கிவிடவில்லை. விம்பிள்டனில் சமப்பரிசு வந்தது 2007இல். அதனை முதலில் கைநீட்டிப் பெற்ற வாகைமகளும் வீனஸே.