தராசைச் சோதிக்கும் நிறைகல்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் அம்பேபுசையிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் தம்புள்ளையிற் சந்திக்கின்றன. குகைக் கோயிலாற் பெயர்பெற்ற அந்நகருக்கு 1999 ஆம் ஆண்டில் இன்னொரு பெயரும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டில் அங்கு நிறுவப்பட்ட பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மரக்கறி மொத்த வாணிபத்துக்குப் பெருஞ்சந்தையாயிற்று. மாத்தளை மாவட்டத்துப் பெரிய வெங்காயமும், மலைநாட்டுக் கரட்டும் போஞ்சியும், வடபுலத்து விளைபொருள்களும் அங்கு வந்திறங்கி, எடை பார்க்கப்பட்டு, வெவ்வேறு திசைகளுக்கு மீண்டும் லொறியேறுகின்றன.

அச்சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் நம்பவேண்டிய அவசியமில்லை. இருவரும் தராசை நம்பினாற் போதும். தராசிலே ஐயம் எழுந்தால் முத்திரையிட்ட நிறைகல்லை வைத்துப் பார்த்துத் தெளியலாம். மூட்டையின் எடையைத் தராசு கூறிவிடும். ஆனால், அம்மூட்டையிலுள்ள கத்தரிக்காய்மீது தெளிக்கப்பட்ட பீடைநாசினி, தெளித்தவரின் உடலிலும் உண்பவரின் உடலிலும் என்ன செய்யும் என்பதை எந்தத் தராசு கூறும்?

நஞ்சென்றால் உடனே கொல்வது என்றே பொதுவாக எண்ணப்படுகின்றது. வேறொரு வகை நஞ்சும் உண்டு. மனித உடலிற் சுரக்கும் ஓமோன்கள் மிகச் சிறிய அளவிலேயே குருதியிற் கலந்து சென்று, கலங்களிலுள்ள வாங்கிகளைப் பற்றிக்கொண்டு, வளர்ச்சி, பருவமடைதல், கருத்தரித்தல் ஆகியவற்றை நெறிப்படுத்துகின்றன. பூட்டுக்கேற்ற திறவுகோல் போன்றது இப்பொருத்தம். சில செயற்கை இரசாயனங்கள் கள்ளத் திறவுகோல்களைப்போல அப்பூட்டுகளிற் புகுந்துவிடுகின்றன. அவற்றின் விளைவு அன்றே தெரிவதில்லை. தாயின் வயிற்றிலிருந்த குழந்தை வளர்ந்து பருவமெய்தும்போது தெரியலாம். பல்லாண்டு கழித்துத் தெரியும் கேட்டை முன்கூட்டியே அறிவதற்கு ஆய்வாளர் கண்ட வழிகளுள் ஒன்றே கலச் சோதனையாகும்.

இத்துறையில் ஒரு முக்கிய கண்டுபிடிப்பு விபத்தாகவே நிகழ்ந்தது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோ, கார்லோஸ் சொனென்சைன் ஆகிய இருவரும் எம்.சி.எப்.-7 எனப்படும் மார்பகப் புற்றுநோய்க் கலங்களை வளர்த்து ஆராய்ந்து வந்தனர். ஈஸ்திரோசன் என்ற பெண்பால் ஓமோன் கிடைத்தாற் பெருகுவதும், கிடைக்காவிடின் அடங்கியிருப்பதும் அக்கலங்களின் இயல்பு. 1987 ஆம் ஆண்டில், ஓமோன் சேர்க்கப்படாத தட்டுகளிலும் கலங்கள் பெருகத் தொடங்கின. ஆய்வாளர் இருவரும் படிப்படியாகத் தேடியபோது, ஆய்வுகூடத்திற் பயன்பட்ட பிளாத்திக்குக் குழாய்களிலிருந்து நொனைல்பீனோல் என்னும் பொருள் கசிந்தமை வெளிப்பட்டது. 1991 இல் அம்முடிவு வெளியாயிற்று. எதுவுமற்றதென நம்பிய தட்டை மீண்டும் ஐயுற்றமையே அவர்களை இக்கண்டுபிடிப்புக்கு இட்டுச் சென்றது.

அதே கலங்களைக் கொண்டு அவர்கள் பீடைநாசினிகளையும் சோதித்தனர். எண்டோசல்பான், டொக்சபீன், டீல்ட்ரின் ஆகியன ஈஸ்திரோசனைவிடப் பன்மடங்கு வலுக்குறைந்தனவாயினும் அதனைப்போலவே கலங்களைப் பெருக்குகின்றன என 1994 இல் அறிவித்தனர். அக்காலத்தில் எண்டோசல்பான் இலங்கையின் வயல்களிலும் தெளிக்கப்பட்டு வந்தது.

இதனை அடுத்து நிகழ்ந்தது ஆராய்ச்சியுலகுக்கு ஒரு பாடம். மனித ஈஸ்திரோசன் வாங்கியைப் புகுத்திய மதுவக் கலங்களில் இத்தகைய பீடைநாசினிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தபோது, தனித்தனியே காட்டியதைவிட ஆயிரம் மடங்கு வலு தோன்றியதாக 1996 யூன் மாதத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. உலகெங்கும் அச்சம் பரவியது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில், பீடைநாசினிகளின் ஈஸ்திரோசன் ஒத்த செயலைச் சோதிக்க வேண்டுமெனப் பணிக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. ஆனால், வேறு ஆய்வுகூடங்கள் அச்சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த ஆயிரம் மடங்கு கிடைக்கவில்லை. 1997 இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

இதிலிருந்து இரு தரப்பினர் இரு பிழையான முடிவுகளுக்கு வரக்கூடும். கலச் சோதனை எதனையும் நம்பலாகாது என்பது ஒன்று. அச்சமூட்டும் முடிவு எதுவாயினும் அதனை நம்பிவிடுவது நன்று என்பது மற்றொன்று. திரும்பப் பெறப்பட்டது சேர்க்கை பற்றிய ஆயிரம் மடங்குக் கூற்றே. எண்டோசல்பான் தனியே காட்டிய விளைவு அதனோடு மறைந்துவிடவில்லை. இரண்டையும் பிரித்தறிவதற்குச் சோதனையையே சோதிக்கும் ஒழுங்கு வேண்டும். அதுவே தகுதிகாண் ஆய்வு எனப்படுவது.

பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்திக்கான அமைப்பு 2009 இல் முதன்முதலாக ஏற்றுக்கொண்ட 455 ஆம் இலக்கச் சோதனை நெறி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இச்சோதனையில், மின்மினிப் பூச்சியின் ஒளிதரும் பரம்பரையலகு மனிதக் கலத்தினுள் அமைக்கப்படுகின்றது. ஓர் இரசாயனம் ஈஸ்திரோசன் வாங்கியைத் தூண்டினால் கலம் ஒளிரும், அவ்வொளி அளக்கப்படும். ஆயினும் ஒளிரும் கலமெல்லாம் உண்மை பேசுவதில்லை. சில தாவரப் பொருள்கள் மிகு செறிவில் வாங்கியின் துணையின்றியே ஒளியைக் கூட்டுகின்றன. நஞ்சினாற் கலங்களே இறந்துவிட்டால், தூண்டும் இரசாயனமும் தூண்டாததுபோலத் தோன்றும்.

ஆகவே, வலுமிக்கது, வலுக்குறைந்தது, வலுவற்றது என முன்பே அறியப்பட்ட இரசாயனங்கள் நிறைகற்களாகத் தெரிவு செய்யப்படுகின்றன. பெயர் மறைத்து, குறியீடு மாத்திரம் இட்டு, அவை வெவ்வேறு நாட்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பப்படுகின்றன. இந்நெறியில் 2012 இற் சேர்க்கப்பட்ட ஒரு சோதனைக்காக அமெரிக்கா, இத்தாலி, யப்பான் ஆகிய நாடுகளிலிருந்த மூன்று ஆய்வுகூடங்கள் இவ்வாறு உழைத்தன. எதை அளக்கின்றோம் என்று அறியாத கைகள் ஒரே விடையைத் தரும்போதுதான் அவ்விடைக்கு மதிப்புண்டாகின்றது.

அங்கும் ஒரு வியப்புக் காத்திருந்தது. அம்மூன்று ஆய்வுகூடங்களும் பயன்படுத்திய பி.ஜி.-1 என்ற கலம் சூலகப் புற்றுநோயிலிருந்து வந்ததென்றே எல்லோரும் நம்பினர். 2014 இல் வெளியான மரபுப்பொருள் ஆய்வு, அது உண்மையில் எம்.சி.எப்.-7 கலத்தின் ஒரு வேறுபாடே எனக் காட்டியது. 2016 இல் அதன் பெயர் வி.எம்.7 என மாற்றப்பட்டது, சோதனை கைவிடப்படவில்லை. கலத்தின் பூர்வீகம் பிழையாக எழுதப்பட்டிருந்ததேயன்றி, நிறைகற்களுக்கு அது தந்த விடைகள் பிழைபடவில்லை. பிழையை மறைக்காது நெறியின் ஏட்டிலேயே எழுதிவைத்தமை இம்முறையின் வலிமையைக் காட்டுகின்றது.

இத்துணை கவனத்தோடு செப்பஞ்செய்த சோதனையும் ஒரு கேள்விக்கே விடை தருகின்றது: இவ்விரசாயனம் இவ்வாங்கியைத் தூண்டுமா? தட்டிலுள்ள கலத்துக்கு ஈரல் இல்லை, கருப்பையும் இல்லை. ஒரு குழந்தைக்கு நேர்ந்ததை அறியக் குழந்தைகளிடமே செல்லவேண்டும். கேரளத்தின் காசர்கோட்டில் மரமுந்திரிகைத் தோட்டங்கள்மீது இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்டோசல்பான் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அகமதாபாத்திலுள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனத்தினர் அங்கு அந்நஞ்சுக்கு ஆளான 117 சிறுவர்களையும், ஆளாகாத 90 சிறுவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2003 இல் முடிவை வெளியிட்டனர். ஆளான சிறுவரிடத்துப் பாலியல் முதிர்ச்சி தாமதமாயிருந்தது. தட்டில் 1994 இல் எழுந்த ஐயம் ஊர்ச் சிறுவரின் உடலில் ஆராயப்பட ஒன்பது ஆண்டுகள் சென்றன. 2011 ஏப்பிரலில் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் எண்டோசல்பான் சேர்க்கப்பட்டது. மே மாதத்தில் இந்திய உயர் நீதிமன்றமும் அதனைத் தடுத்தது.

இலங்கையோ 1998 ஆம் ஆண்டிலேயே அதனைத் தடைசெய்துவிட்டது. ஓமோன் பற்றிய கவலை அதற்குக் காரணமன்று. கமக்காரர் குடும்பங்களில் அந்நஞ்சை அருந்தி மாண்டோரின் தொகையே காரணம். அது சரியான முடிவு. பல உயிர்களைக் காத்த முடிவு. ஆயினும் அதனுள் ஓர் எச்சரிக்கை உண்டு. மருத்துவமனைக் கட்டிலில் நேர்ந்த மரணம் எண்ணப்பட்டது. எண்ணப்பட்டதனாற் சட்டம் அசைந்தது. பருவம் பிந்திய சிறுவனை எந்த ஏடு எண்ணும்? எண்ணப்படாத கேட்டுக்காகப் பேசக்கூடிய முதற் சாட்சி கலச் சோதனையே. அச்சாட்சி பொய்யுரைத்தால் நல்ல மருந்தொன்று வீணே தடுக்கப்பட்டு, கமக்காரரின் விளைச்சல் பூச்சிக்கு இரையாகும். மௌனம் சாதித்தால் அவர் பிள்ளைகளின் உடல் இரையாகும்.

1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், ஒரு பீடைநாசினி விற்பனைக்கு வருமுன் அதன் பதிவாளரிடம் பதியப்படவேண்டும். தம்புள்ளையிற் கத்தரிப் பாத்திக்கு மருந்தடிப்பவர் அப்பதிவை நம்பியே விசிறியைத் தோளில் ஏற்றுகின்றார். இச்சோதனை நெறிகளின் பெயரை அவர் அறியார். அறியவேண்டிய கடமையும் அவருக்கில்லை. அவற்றைக் கற்று, எச்சோதனை தகுதி கண்டது, அது எவ்விடயத்தில் மாத்திரம் பேசவல்லது எனக் கேட்கும் கடமை பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. கலைப்பீடத்தாருக்கு அது புறம்பான விடயமென ஒதுக்கிவிட இயலாது. ஒரு சாட்சியை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி வரலாறும் சட்டமும் மெய்யியலும் நாளாந்தம் கேட்கும் கேள்வியே.

தம்புள்ளையில் எடை பார்த்து ஏற்றிய மூட்டை மறுநாட் காலை ஏதோவொரு வீட்டு அடுக்களையில் அவிழ்கின்றது. அவ்வீட்டாருக்கு எடை சரியாக இருக்கவேண்டும் என்பதில் எவ்வளவு உரிமையுண்டோ, அதற்குக் குறையாத உரிமை, அதன்மேற் படிந்தது இன்னதென அறிவதிலும் உண்டு.