இருபது காசு வைத்துப் பாருங்கள்

போன தீபாவளிக்கு அக்காள் மகன் வீட்டு ஹாலில் ரயில் விட்டான். நீள்வட்டத் தடம், ஒரு சைடிங், கைபேசியிலேயே இரண்டு இன்ஜின். வந்தவர்கள் கைதட்டினார்கள். சோபாவுக்குப் பின்னால் போகும்போது மட்டும் இன்ஜின் தளர்ந்தது. நான் ஒரு 20 காசை எடுத்து அங்கே இரண்டு கம்பிக்கும் குறுக்கே வைத்தேன். ஷார்ட் ஆகியும், தடத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் கட்டாகவில்லை. பக்கத்து மூட்டில் விரல் வைத்தேன், சுட்டது.

"ஓடுதுல்ல மாமா, அப்புறம் என்னா?" என்றான்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. நான் ஓய்வு பெற்ற வயர்மேன். தீபாவளி, பள்ளி விடுமுறை என்று பல வருடமாக வீட்டில் டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறைத் தடம் போட்டு எடுக்கிறேன். பலகையில் ஆணியடித்துப் பற்றவைத்த தடம் ஒரு தடவை சரியானால் சரி. காலையில் விரித்து இரவில் பிஸ்கட் டின்னுக்குள் போகும் தடத்துக்கு ஒவ்வொரு தடவையும் எல்லா மூட்டும் புதுசு. 12 மீட்டர் வட்டத்தில் ஏறக்குறைய 50 துண்டு. எச்.ஓ. அளவில் அது ஒரு கிலோமீட்டர் பாதைக்குச் சமம்.

மூட்டைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. தாப்பா ரோட்டிலிருந்து நம் ஊருக்கு 1893இல் கிளைப்பாதை வந்தது. 1982 வரை ஊர்ப்பெயர் தெலுக் அன்சன். அந்தக் கம்பிச் சடக்கில் அவர் மண்டோர். சின்ன வயதில் அவர் பின்னாலேயே நடந்திருக்கிறேன். பிஷ் பிளேட்டின் ஒவ்வொரு போல்ட்டையும் சுத்தியலால் தட்டுவார். இறுகியது கணீரென்னும், தளர்ந்தது மொத்தென்னும். அவர் முகம் திரும்புவதற்குள் கை ஸ்பேனரைத் தேடும். முந்தின வண்டி நல்லபடியாகத்தானே போனது என்று ஒருநாள் கேட்டேன். "வண்டி போனது சாட்சி இல்லடா. மூட்டு சொல்லணும்" என்றார். மறுபடியும் தட்டப் போய்விட்டார்.

டிஜிட்டலுக்கும் அதேதான். தடத்தில் முழு மின்னழுத்தம் எப்போதும் நிற்கிறது. கட்டளை அதிலேயே சதுர அலையாகப் போகிறது: ஒன்றுக்கு அரை அலை 58 மைக்ரோ நொடி, பூஜ்யத்துக்கு 100. வண்டி தடுமாறினால் பிள்ளைகள் உடனே இன்ஜினுக்குள் கட்டளையைப் படிக்கும் டிகோடரைக் குற்றம் சொல்கிறார்கள், அதன் முகவரியை மாற்றுகிறார்கள், சி.வி. 29 என்ற அமைப்பைக் கிண்டுகிறார்கள். அதற்கும் கேட்காவிட்டால் பெரிய பூஸ்டர் வாங்குகிறார்கள். அதுதான் ஆபத்து.

15 வோல்ட், 5 ஆம்பியர் பூஸ்டர். வழியில் தளர்ந்த மூட்டும் மெல்லிய ஒயரும் சேர்ந்து 3 ஓமைத் தாண்டினால், ஷார்ட் ஆனாலும் மின்னோட்டம் 5 ஆம்பியரைத் தொடாது. பூஸ்டர் கட்டாகாது. கிட்டத்தட்ட 75 வாட் வெப்பம், பெரும்பகுதி அந்த மோசமான மூட்டில். என் பற்றவைப்புக் கோலே 60 வாட்தான். சக்கரம் தடம் புரண்டு குறுக்கே கிடந்தால் பிளாஸ்டிக் உருகும். பெரிய பூஸ்டர் போட்டால் வெப்பமும் பெரிது.

முறை இதுதான். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஜோடி, லேசாக முறுக்கி, தடத்தோடு கூடவே. அதிலிருந்து தடத்துக்கு 2 மீட்டருக்கு ஒரு ஃபீடர் இணைப்பு. தளர்ந்த ஜாயினரைக் குறடால் நெருக்கவேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கம்பியைத் துடைக்கவேண்டும். மணல்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு தங்கும். நம் ஊர் ஈரத்தில் இரண்டு நாளில் கம்பி மங்கும். பிறகு ஒவ்வொரு துண்டிலும் காசு வைத்துப் பார்க்கவேண்டும். அரைமணி நேர வேலை.

அந்த அரைமணி நேரத்துக்குத்தான் இன்று யாருக்கும் பொறுமையில்லை. பெட்டியைப் பிரித்தால் ஓடவேண்டும். ஒயர் என்ன கனம் என்று கேட்கிறவனை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. "பொம்மைக்கு இவ்வளவா?" என்று ஒரு சொந்தக்காரர் கேட்டார், மனசு வலித்தது. பெரியப்பா தட்டிய பாதையே இன்று நம் ஊரில் இல்லை. அந்த வேலையின் ஒழுங்கையாவது ஹால் தரையில் காப்பாற்றவேண்டும் என்று நினைக்கிறேன்.

அன்று இரவே மருமகனும் நானும் ஆறு ஃபீடர் போட்டோம். சோபாவுக்குப் பின்னால் அதே காசை வைத்தான். வைத்த கணமே பூஸ்டர் கட்டானது.

வீட்டில் தடம் போடுகிறவர்கள் இன்ஜினுக்கு முன்னால் 20 காசை வையுங்கள். எல்லா இடத்திலும் கட்டான பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.